பட்டியலில் ஏழாவது

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் என் பெண் வாயாடியும் உடம்பளவில் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? குளிர் உனக்கு ஒத்துக்கொள்ளாது. காதை மூடிக்கொண்டு வெளியே போ. பெரிய ஆபீசராகிவிட்டோம், குல்லா போட்டால் மரியாதை போய்விடும் என்று நினைக்காதே.

போனில் பேசினால் நடுவில் யாரோ இருமுகிற சத்தம் கேட்கிறது. அதனால்தான் கடிதம்.

அத்தானுடைய கப்பலைப் பக்கத்து நாட்டார் பிடித்து இன்றோடு பன்னிரண்டு நாள். நேற்று கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். கடலுக்கு அடியில் எரிவாயு எங்கே இருக்கிறது என்று பார்க்கப் போன கப்பல், பதினோரு பேரும் பத்திரமாக இருக்கிறார்கள், கவலைப்படாதீர்கள் என்றார். "எல்லையத் தாண்டிட்டாங்களா?" என்று கேட்டேன். "எல்லை எங்க இருக்குன்னு ரெண்டு நாடும் இன்னும் முடிவு பண்ணலையேம்மா" என்றார். "அது தெரியாமத்தான் பதினோரு பேரை அனுப்பி வச்சீங்களா?" என்றேன். கொடுத்த காபியைக் குடிக்காமல் எழுந்து போனார்.

பேச்சுவார்த்தைக்கு மொழிபெயர்ப்பாளராக உன்னை எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. அந்த நாட்டுக் கப்பல்கள் இங்கே வந்துகொண்டிருந்த காலத்தில், மாலுமிகளோடு சுற்றிக் கெட்டுப்போகிறாய் என்று அப்பா உன்னைத் துறைமுகம் முழுக்க விரட்டி அடித்தார். அந்தக் கெட்ட சகவாசத்தில் வந்த பாஷைதான் இப்போது அத்தானை வீட்டுக்குக் கூட்டிவரப் போகிறது.

அவர் உன் அக்காள் புருஷன் என்று ஆபீசில் சொல்லவில்லை என்றாயே, அதுவே சரி. சொன்னால் உன்னை அந்த அறைக்குள்ளேயே விடமாட்டார்கள்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவரிடம் ஒரு பொட்டலம் இருக்கும். அத்தானுடைய சர்க்கரைக்கான ஊசிமருந்து. இரண்டு மாதத்துக்குத்தான் கையில் எடுத்துப் போனார். கப்பல் கிளம்பி ஐம்பது நாளுக்கு மேலாகிறது. ஐஸ் வைத்துக் கட்டியிருக்கிறேன். வாங்கியதும் குளிர்சாதனப் பெட்டியில் வை, உறைய விட்டுவிடாதே. எப்படியாவது அவர் கையில் சேர்த்துவிடு.

உன் அக்கா

•

ஜனவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் வாயாடியும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். குல்லா போட்டுக்கொள்கிறேன். மரியாதை அப்படியேதான் இருக்கிறது, ஏற்கெனவே அதிகம் இல்லாததால்.

நாங்கள் இருப்பது மூன்றாவது நாட்டில் ஒரு ஓட்டல். இரண்டாம் மாடி முழுக்க நாங்கள், மூன்றாம் மாடி முழுக்க அவர்கள். வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வெளியே நடக்க விடுகிறார்கள். அப்போது இதைத் தபாலில் போட்டுவிடுவேன்.

அக்கா, பத்திரிகையில் வருவதைப் படித்துப் பயப்படாதே. வெளியே காமிராவுக்கு முன்னால் எங்கள் குழுத் தலைவரும் அவர்கள் குழுத் தலைவரும் முறைத்துக்கொள்கிறார்கள். உள்ளே வந்து கதவைச் சாத்தியதும், ஒருவர் பேரன் பேத்தியை இன்னொருவர் விசாரிக்கிறார். அவர்களுடைய மின்நிலையங்களுக்கு அடுத்த குளிர்காலத்துக்குள் எரிவாயு வேண்டும். நமக்கோ, அதை எடுத்து விற்க அவர்கள் நிலத்தின் வழியாகப் போகும் குழாய் வேண்டும். ஒருவர் இல்லாமல் இன்னொருவருக்கு ஆகாது. கடலடி வாயுவில் அவர்களுக்குப் பங்கு நாற்பது சதவீதமா நாற்பத்தைந்தா என்பதில்தான் இழுபறி. எங்கள் தலைவருக்குப் பின்னால் கம்பெனிக்காரர் உட்கார்ந்துகொண்டு சீட்டு எழுதி எழுதிக் கொடுக்கிறார்.

பேச வேண்டிய விஷயங்களின் பட்டியலில் முதலாவது பங்கு, இரண்டாவது குழாய். கப்பல்காரர்கள் ஏழாவது. கடைசி என்று நினைக்காதே, எட்டாவதாக மீன்பிடி இருக்கிறது.

அவர்கள் தலைவர் சொன்னதை நானே மொழிபெயர்த்தேன்: "பதினோரு பேரும் எங்கள் விருந்தாளிகள்." அத்தான் விருந்துக்குப் போனாலே சமையலறைக் குழாயைப் பழுது பார்க்க உட்கார்ந்துவிடுவாரே, அங்கேயும் ஏதாவது மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருப்பார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். மருந்து வந்து சேர்ந்தது. என் அறைக் குளிர்சாதனப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. தலைவரிடம் சமயம் பார்த்துக் கேட்டு அனுப்பிவிடுகிறேன். அத்தான் வந்ததும் நாம் நால்வரும் கடற்கரைக்குப் போவோம். இந்த முறை அவர் படகு எஞ்சினைத் தொடக்கூடாது.

அன்புடன்
தம்பி

•

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். உனக்குச் சளி பிடிக்கவில்லையே?

உன் கடிதத்தை வாயாடி பத்து தடவையாவது படித்திருப்பாள். மோட்டார் விஷயத்துக்குச் சிரித்தாள். அவள் அப்பா கப்பல் ஏறியதிலிருந்து அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

எங்கள் தையல் பட்டறைக்கு இந்தச் சண்டையால் நல்ல காலம். கடற்படைக்கு உயிர்காப்பு அங்கி எண்ணாயிரம் கேட்டிருக்கிறார்களாம். தக்கை அட்டை வெட்டுகிற மேசையை இன்னும் இரண்டு போட்டிருக்கிறார்கள். நான் தோள்பட்டை நாடாவை மூன்று வரித் தையல் போடுகிறேன். "ரெண்டு வரி போதும்மா, வேகமா போடு" என்கிறார் மேஸ்திரி. நான் கேட்பதில்லை. போட்டுக்கொள்கிறவன் ஒருத்தி வீட்டுப் பிள்ளைதானே.

போன வாரம் வீட்டு வாசலில் ஊர்வலம் நின்றது. கொடியும் கோஷமுமாகக் காது கிழிந்தது. ஒரு தலைவர் என் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். "கொஞ்சம் அழுத மாதிரி இருங்கம்மா" என்றார் படக்காரர். "அழுகை இப்ப வரல, வந்தா சொல்லியனுப்பறேன்" என்றேன். மறுநாள் பேப்பரில் என் படத்துக்குக் கீழே 'பழி வாங்கக் காத்திருக்கும் மனைவி' என்று போட்டிருந்தார்கள். நான் எதற்கும் பழி வாங்கவில்லை. ஊசிமருந்துக்காகக் காத்திருக்கிறேன். அதைக் கொடுத்துவிட்டாயா? ஒரு வரி எழுது.

உன் அக்கா

•

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. பட்டறையில் ரொம்ப நேரம் குனிந்து உட்காராதே, இடுப்புப் பிடித்துக்கொள்ளும்.

மருந்து இன்னும் போகவில்லை. கோபித்துக்கொள்ளாதே, நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை இடைவேளையில் எங்கள் தலைவரிடம் போனேன். கப்பல்காரர்களில் ஒருவருக்குச் சர்க்கரை இருக்கிறது, அவர் வீட்டிலிருந்து மருந்து வந்திருக்கிறது, அந்தப் பக்கத்திடம் கொடுக்கலாமா என்றேன். தலைவர் கெட்டவர் இல்லை அக்கா. தோளில் கை போட்டுத்தான் பேசினார்.

"தம்பி, இப்ப நாம உடம்பு, மருந்துன்னு வாயைத் திறந்தா அவசரம் நமக்குத்தான்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடும். நாற்பத்தைஞ்சை விட்டு ஒரு அடி கீழ இறங்கமாட்டாங்க. ரெண்டாவது விஷயம் முடியட்டும். அப்புறம் நானே கேட்கறேன்."

"அதுக்குள்ள அவருக்கு ஏதாவது..."

"விருந்தாளின்னு சொல்லியிருக்காங்களே, பார்த்துக்கமாட்டாங்களா? நீ மொழிபெயர்க்க வந்திருக்க. அதை நல்லா செய்யற. அது போதும்."

அதற்கு மேல் கேட்காமல் வந்துவிட்டேன். வற்புறுத்தினால் 'உனக்கு என்ன இவ்வளவு அக்கறை' என்று கேட்பார். உறவு தெரிந்துவிட்டால் அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். பிறகு அத்தானுக்காக இங்கே யாரும் இல்லை. அடுத்த வாரம் குழாய் விஷயம் முடிந்துவிடும் என்கிறார்கள். முடிந்த அன்றே கொடுத்துவிடுகிறேன். அத்தான் திடமானவர், சமாளிப்பார்.

அன்புடன்
தம்பி

•

மார்ச் 3

தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய்.

நீ எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் தையல் மெஷினில் உட்காரவில்லை. அவரிடம் இருந்த மருந்து ஜனவரி நடுவிலேயே தீர்ந்திருக்கும். போன வருஷம் நான்கு நாள் ஊசி போடாமல் விட்டதற்கே வலதுகால் கட்டைவிரலில் புண் வந்து, ஒரு மாதம் நொண்டினார். நீதானே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாய்? மறந்துவிட்டாயா?

அவர்கள் பக்கத்திலும் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருப்பார் இல்லையா? அவரிடம் தனியாகச் சொல்லிப் பார். ஆள் ஆளிடம் பேசுவது போலப் பேசு. நாடு நாட்டிடம் பேச வேண்டாம். உனக்கு அந்த பாஷை தெரியும், எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தால் மூன்றாம் மாடிக்கு நானே ஏறிப் போயிருப்பேன்.

வேலை போனால் போகட்டும். இங்கே பட்டறையில் கணக்கு எழுத ஆள் தேடுகிறார்கள்.

அக்கா

•

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

இங்கே பனி குறைந்துவிட்டது. ஓட்டலுக்கு எதிரே உள்ள மரங்களில் துளிர் வந்திருக்கிறது. பேச்சுவார்த்தை நல்லபடியாகப் போகிறது. இரண்டு தரப்பும் விட்டுக்கொடுத்து ஒரு முடிவுக்கு வரும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். வேலை அதிகம். அதனால் விரிவாக எழுத முடியவில்லை.

வாயாடியின் படிப்பு எப்படி? கணக்கில் கவனமாக இருக்கச் சொல். உனக்கு இரவில் தூக்கம் வருகிறதா? வேளாவேளைக்குச் சாப்பிடு. பட்டறைக்குப் போ, வீட்டில் தனியாக உட்கார்ந்திராதே. பக்கத்து வீட்டு டீச்சரம்மாவிடம் அவ்வப்போது போய்ப் பேசிக்கொண்டிரு.

உடம்பைப் பார்த்துக்கொள் அக்கா. உன் உடம்பு முக்கியம்.

என்றும் அன்புடன்
தம்பி

•

ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நாங்கள் சுகம். மரம் துளிர்த்தது பற்றி எழுதியிருந்தாய். சந்தோஷம்.

மருந்து என்ன ஆயிற்று என்று எழுதவில்லையே. வேலை மும்முரத்தில் விட்டுப்போயிருக்கும். கொடுத்திருப்பாய் என்றுதான் நினைக்கிறேன்.

கப்பல்காரர்களைச் சீக்கிரம் விடப்போவதாக ஊரெல்லாம் பேச்சு. ஊர்வலமும் ஓய்ந்துவிட்டது. அந்த நாட்டுச் சாமான் வாங்காதே என்று போன மாதம் கடை கடையாகப் போய்க் கத்தியவர்களே, இப்போது "பக்கத்து நாட்டோட பகைச்சுக்கிட்டு எத்தனை நாள் இருக்கறது" என்கிறார்கள். இந்தப் பேச்சை எல்லாம் யார் எழுதிக் கொடுக்கிறார்களோ.

நான் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். அத்தானுடைய சட்டை நான்கைப் பிடித்துத் தைத்து வைத்திருக்கிறேன். எப்படியும் இளைத்துத்தான் வருவார். ரொம்பப் பிடித்துவிட்டேனோ என்று மறுபடி ஒரு தையலைப் பிரித்தேன். எவ்வளவு இளைத்திருப்பார்? உனக்கு ஏதாவது தெரியுமா? தெரிந்தால் எழுது.

உன் அக்கா

•

ஏப்ரல் 27

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். அம்மா சுகம் என்று எழுதச் சொல்வாள், ஆனால் இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாது. டீச்சரம்மாவிடம் தபால்தலை வாங்கினேன்.

அம்மா எழுதி மூன்று வாரம் ஆகிறது. நீங்கள் பதில் போடவில்லை. தபால்காரர் தெருவில் திரும்பும்போதே அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். பிறகு உங்கள் மார்ச் மாதக் கடிதத்தை எடுத்து மறுபடியும் படிக்கிறாள். அதில் ஒன்றும் இல்லையே, ஏன் படிக்கிறாய் என்று கேட்டேன். "அதான் படிக்கறேன்" என்றாள்.

நானும் எடுத்துப் பார்த்தேன். உங்கள் முதல் கடிதத்தில் அப்பாவைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவதிலும் உண்டு. மார்ச் கடிதத்தில் அத்தான் என்ற சொல்லே இல்லை. என்னையும் விசாரித்திருக்கிறீர்கள், மரத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள்.

மாமா, அப்பா நன்றாக இருக்கிறாரா? ஆமாம் அல்லது இல்லை, இரண்டில் ஒன்று எழுதினால் போதும். எனக்குப் பதினான்கு வயதாகிறது.

இப்படிக்கு
வாயாடி

•

மே 6

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்து அழகாகியிருக்கிறது.

கப்பல்காரர்கள் எல்லோரும் இந்த மாத இறுதிக்குள் திரும்பி வருவார்கள் என்று இரண்டு அரசுகளும் அறிவிக்க இருக்கின்றன. பெரியவர்களின் விஷயங்களை ஆம், இல்லை என்று எழுதிவிட முடியாதம்மா. நீ அம்மாவுக்குத் துணையாக இரு. படிப்பை விட்டுவிடாதே. அம்மாவிடம் இந்த மாமா விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்
மாமா

•

ஜூன் 3

தம்பிக்கு,

நீ நலமா?

அவர்கள் வந்தார்கள். நடந்ததை எழுதுகிறேன்.

துறைமுகத்தில் பாண்டு வாத்தியம் வைத்திருந்தார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அமைச்சரும் கம்பெனிக்காரர்களும் மேடையில். குடும்பத்தாருக்குக் கயிறு கட்டித் தனி இடம். ஒவ்வொருவராக இறங்க இறங்க, ஒவ்வொரு வீட்டாரும் கயிற்றைத் தாண்டிக் கத்திக்கொண்டு ஓடினார்கள். பத்துப் பேர் இறங்கினார்கள். கேப்டன்தான் பத்தாவது. அதற்கப்புறம் ஏணியில் யாரும் இல்லை. கயிற்றுக்குள் நானும் வாயாடியும் மட்டும் நின்றுகொண்டிருந்தோம். பாண்டுக்காரர்கள் எங்களைப் பார்த்துவிட்டு ஒருத்தர் பின் ஒருத்தராக வாசிப்பதை நிறுத்தினார்கள்.

ஒரு அதிகாரி வந்து எங்களைக் கிடங்குப் பக்கம் அழைத்துப் போனார். காமிராக்காரர்கள் போன பிறகு பெட்டியைக் கிரேனில் இறக்கினார்கள். "எங்களுக்கே மூணு நாள் முன்னாலதாம்மா தகவல் வந்தது. ரொம்ப வருத்தப்படறோம்" என்றார். வாயாடி அவரிடம், "சார், எங்கப்பாவுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். அவர் என்னிடம் ஒரு உறையைக் கொடுத்தார்.

அடக்கம் மறுநாள் முடிந்தது. பிடித்துத் தைத்த சட்டையைத்தான் போட்டோம். இன்னும் பிடித்திருக்க வேண்டும்.

உறையில் நான்கு பக்கம் இருக்கிறது. எல்லாம் அந்த பாஷையில். எண்கள் மட்டும்தான் எனக்குப் புரிகின்றன. முதல் பக்கத்தில் எட்டு, மூன்று என்று இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் பதினேழு, மூன்று. இந்த ஊரில் அந்த பாஷை தெரிந்தவர்கள் யாரும் இல்லை. இருந்தாலும் உன்னிடம்தான் அனுப்புவேன்.

நான்கு பக்கத்தையும் வரிக்கு வரி மொழிபெயர்த்து அனுப்பு. எதையும் பூசி மெழுகாதே. எதையும் விடாதே. கடைசிப் பக்கத்தின் அடியில் இருப்பது வரைக்கும்.

அக்கா

•

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாயில்லை.

நீ கேட்டபடி:

முதல் பக்கம். 'தடுத்து வைக்கப்பட்டிருந்த வெளிநாட்டுக் கப்பல் ஊழியர், எஞ்சின் மெக்கானிக், வயது நாற்பத்தாறு. மார்ச் மாதம் எட்டாம் தேதி காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குச் சிறை மருத்துவமனையில் இறந்தார். காரணம்: சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாததால் வலதுகாலில் ஏற்பட்ட புண், அதிலிருந்து இரத்தத்தில் நச்சு பரவியது.'

இரண்டாம் பக்கம். 'பிப்ரவரி பதினொன்றாம் தேதி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நோயாளி தன் மொழியில் ஏதோ திரும்பத் திரும்பக் கேட்டார். மொழி தெரிந்தவர் பணியில் இல்லை.'

மூன்றாம் பக்கம். 'உடைமைகள்: கைக்கடிகாரம் ஒன்று. மூக்குக் கண்ணாடி ஒன்று. சிறிய திருப்புளி ஒன்று. காலணி, இடதுகாலுக்கு உரியது மட்டும்.'

நான்காம் பக்கம். 'மேற்கண்ட மரணம் குறித்து எதிர்த்தரப்புப் பேச்சுவார்த்தைக் குழுவுக்கு மார்ச் பதினேழாம் தேதி முறைப்படி தெரிவிக்கப்பட்டது. பெற்றுக்கொண்டவர்: குழுத் தலைவர். வாசித்து மொழிபெயர்த்தவர்: குழுவின் மொழிபெயர்ப்பாளர்.' அதன் கீழே இரண்டு கையொப்பங்கள். இரண்டாவது யாருடையது என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அந்தக் கடைசி எழுத்தின் வாலைச் சுருக்கு என்று நீதான் திட்டிக்கொண்டிருந்தாய்.

காகிதத்தில் இல்லாததையும் எழுதுகிறேன். நீ இதைக் கேட்கவில்லை.

உன் மார்ச் கடிதம் வந்த பிறகு, அவர்கள் பக்கத்து மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் போனேன். கண்ணாடி போட்ட ஒரு வயதான அம்மா. மருந்துப் பொட்டலம் என் கையில் இருந்தது. மாடிப்படியில் நிறுத்திச் சொன்னேன். அந்த அம்மா பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அந்த மெக்கானிக்குக்கா? அவர் இல்லையே தம்பி. நாளைக்கு உங்களுக்குச் சொல்லப் போறாங்க" என்றார். நம் மொழியில், தம்பி என்றே சொன்னார். அன்று மார்ச் பதினாறு.

மறுநாள் அறையில் அந்தக் காகிதத்தை நானே உரக்க வாசித்தேன். என் குரல் நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கே பயமாக இருக்கிறது. யாரும் எழுந்து நிற்கவில்லை. கம்பெனிக்காரர் ஒரு சீட்டு எழுதினார். எங்கள் தலைவர் அதைப் படித்துவிட்டு, இது வெளியே தெரிந்தால் எங்கள் ஊரில் தெருவெல்லாம் பற்றி எரியும், ஒப்பந்தம் நடக்காது, இரண்டு பேருக்கும் நஷ்டம், வெளியே வராமல் பார்த்துக்கொள்கிறோம், ஆனால் எங்கள் நிலைமையையும் நீங்கள் யோசிக்க வேண்டும் என்றார். நான் மொழிபெயர்த்தேன். அவர்கள் பத்து நிமிடம் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். நாற்பத்தைந்து சதவீதத்துக்குக் கீழே வராதவர்கள் நாற்பத்திரண்டுக்கு ஒப்புக்கொண்டார்கள். மூன்று சதவீதம் அக்கா. இரண்டு மாதப் பேச்சில் அசையாதது அந்தப் பத்து நிமிடத்தில் அசைந்தது.

பிறகு ஒரு வாக்கியம் எழுதினார்கள். 'இந்தத் தகவலை ஒப்பந்தம் கையெழுத்தான பின் தக்க சமயத்தில் இரு தரப்பும் வெளியிடும்.' நான் அதை மொழிபெயர்த்தபோது 'துயரமான தகவல்' என்று சேர்த்தேன். மூலத்தில் அந்தச் சொல் இல்லை. யாரும் கவனிக்கவில்லை. நான் செய்தது அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து உனக்கு மரத்தைப் பற்றி எழுதினேன். பத்து வரியும் எழுத மூன்று மணி நேரமாயிற்று. வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள், அது உண்மை. ஆனால் ஏப்ரலில் ஒரு வாரம் விடுமுறையில் நம் நாட்டுக்கு வந்திருந்தேன். தலைநகரிலிருந்து உன் வீட்டுக்கு ரயிலில் ஒரு ராத்திரிப் பயணம். டிக்கெட்கூட எடுத்தேன். ஸ்டேஷனிலிருந்து திரும்பிவிட்டேன். அதற்குக் கையெழுத்தைக் காரணம் சொல்ல முடியாது.

இந்த மொழிபெயர்ப்பை ஒவ்வொரு பக்கத்திலும் என் பெயர், பதவி, தேதி போட்டுக் கையொப்பமிட்டுத் தனியாக இணைத்திருக்கிறேன். மூன்று சதவீதம் பற்றி எழுதியதையும் தனித்தாளில் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறேன். யாரிடம் வேண்டுமானாலும் காட்டு.

தம்பி

•

செப்டம்பர் 12

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். வாயாடிக்குக் காய்ச்சல் வந்து தேறிவிட்டது.

உன் காகிதங்கள் ஜூனிலேயே கிடைத்தன. பதில் எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. அடுத்த மாதமும் உட்கார்ந்தேன். இப்போதும் வருகிறது என்று சொல்லமாட்டேன்.

கேப்டன் வீட்டுக்கு வந்திருந்தார். கடைசி ஒரு மாதம் அத்தானை மற்றவர்கள் பார்க்க விடவில்லையாம். அதற்கு முன்னால், கால் வீங்க ஆரம்பித்தபோது, கேப்டன் சிறை டாக்டரிடம் கையைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறார். அந்த டாக்டர் சைகையிலும் அரைகுறையாகவும் சொன்னது இதுதான்: "மருந்து இங்க இருக்கு. வெளிநாட்டுக் கைதிக்குக் கொடுக்கணும்னா உங்க நாட்டுலேருந்து கேட்டு ஒரு கடிதம் வரணும். உங்க நாடு கேட்கவே இல்லையே." கேப்டன் இதைச் சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். நான்தான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களாம். உன்னிடம் இருந்த பொட்டலம்கூடத் தேவைப்பட்டிருக்காது.

நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததைக் கேப்டன் மூன்று பத்திரிகைக்கு எடுத்துப் போனார். இரண்டில் ஆசிரியரைப் பார்க்கவே விடவில்லை. மூன்றாவதில், "இப்ப இதைப் போட்டா ஒப்பந்தத்துக்கு எதிரின்னு பேர் வரும் சார்" என்றார்களாம். கடைசியில் ஒரு சின்ன வாரப் பத்திரிகை பாதிப் பக்கத்துக்குப் போட்டது. அதே இதழின் அட்டையில் கம்பெனி விளம்பரம். ஊரில் நாலு பேர் படித்தார்கள். அமைச்சகத்திலும் படித்திருக்கிறார்கள் போல. உன்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டதாகவும், அரசாங்க வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருப்பதாகவும் கேப்டன்தான் சொன்னார். நீ எனக்கு எழுதவில்லை.

போன திங்கட்கிழமை அந்தக் கப்பல் மறுபடி கிளம்பியது. இப்போது இரண்டு கொடி கட்டியிருக்கிறார்கள், நம்முடையதும் அவர்களுடையதும். புது மெக்கானிக்கின் பெண்டாட்டி சின்னப் பெண், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என்னைத் தேடி வந்து, "அக்கா, அவருக்கு என்னென்ன கட்டிக் கொடுக்கணும்?" என்று கேட்டாள். என்னிடம் யோசனை கேட்க வந்திருக்கிறாளே என்று முதலில் ஆத்திரம் வந்தது. பிறகு உட்காரவைத்துச் சொன்னேன். கம்பளி, களிம்பு, இரண்டு ஜோடிக் காலுறை. அவளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அடக்கத்தன்றுகூட அப்படி அழவில்லை.

வாயாடி அந்த நாட்டு பாஷையைப் படிக்கப் போகிறாளாம். எங்கேயோ ஒரு பழைய புத்தகம் பிடித்து, எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். இனிமேல் நம் வீட்டுக்கு வருகிற காகிதத்தைத் தானே படித்துக்கொள்ள வேண்டுமாம். உன்னைப் பற்றிக் குறை எதுவும் சொல்லவில்லை. உன் பெயரையே எடுப்பதில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதச் சொல்லி டீச்சரம்மா ஒரு மாதமாகச் சொல்கிறாள். அது பொய். பொய்யாக ஒரு வரிகூட நமக்குள் இனி வேண்டாம். நீ அந்த அறையில் வாயைத் திறந்திருந்தால் உன் வேலை பிப்ரவரியிலேயே போயிருக்கும், அவ்வளவுதான். அது எனக்கு மறக்காது.

ஆனாலும் அம்மா போகும்போது உன் கையை என் கையில்தான் பிடித்துக் கொடுத்தாள். உனக்குப் போக வேறு வீடு இல்லை. மாடி அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன். ஜன்னல் கொக்கி மட்டும் சரியில்லை, வந்து மாட்டிக்கொள். பட்டறையில் கணக்கு வேலைக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

வந்ததும் நான் உன்னோடு பேசுவேன் என்று எதிர்பார்க்காதே. வாயாடியும் பேசமாட்டாள். பேச்சு வரக் காலம் ஆகும், எவ்வளவு காலம் என்று எனக்குத் தெரியாது.

சோறு போடுவேன். வா.

அக்கா